இரண்டு ஓஎஸ், இரண்டு டிஸ்க்: எது உண்மையில் தனித்தனி?

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும் என்று கேட்பவர்கள் சென்னையின் மேற்குப் புறநகரில் நிறையப் பேர் உண்டு. இதில் ரசனையைவிடப் பிழைப்புக்குத்தான் பங்கு அதிகம். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள டூல் ரூம்களிலும் சிஎன்சி பட்டறைகளிலும் சாலிட்வொர்க்ஸ், கிரியோ, ஆட்டோகேட் இல்லாமல் வரைபட வேலை நகராது. கணக்குப் பிள்ளைக்கு டாலி. இவை எதற்கும் இன்று லினக்ஸ் பதிப்பு கிடையாது. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட் பக்கம் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்குப் போனால் கதை இன்னும் பழையது. பேஜ்மேக்கர், கோரல்டிரா, யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்கள். பத்து இருபது வருடம் சேர்த்துவைத்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அவரிடம் போய் விண்டோஸை விட்டுவிடச் சொல்ல முடியாது.

அதே சாலைகளில்தான் கல்லூரிகளும். பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் பனிமலர், ஆவடியில் வேல்டெக், திருவேற்காட்டில் எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி என்று வரிசையாக இருக்கின்றன. கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்த பிள்ளைக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் வந்ததும் ஃபோர்க், பைப், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாம் எழுதியாக வேண்டும். யூனிக்ஸ் வழி வந்த சரக்கு அது. பகலில் லேபில் லினக்ஸ், மாலையில் தொழிற்பேட்டையில் இன்டர்ன்ஷிப்புக்கு சாலிட்வொர்க்ஸ் என்று ஓடும் மெக்கட்ரானிக்ஸ் மாணவருக்கு இரண்டும் ஒரே பையில் இருக்க வேண்டும்.

லினக்ஸ் வேண்டும் என்பவர் எல்லாருக்கும் டூயல் பூட் வேண்டுமா என்றால், வேண்டாம். 2016இல் விண்டோஸ் 10-க்குள் வந்த டபிள்யூஎஸ்எல் இன்று அதன் இரண்டாம் வடிவில் உண்மையான லினக்ஸ் கெர்னலையே விண்டோஸுக்குள் ஓட்டுகிறது. பைத்தான், சி, ஷெல், கிட், சர்வர் பழக்கம் என்ற அளவில் நிற்பவருக்கு அதுவே தாராளம். டிஸ்கைத் தொட வேண்டாம், பயோஸுக்குள் போக வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் இன்னொரு வழி. ஆனால் 8 ஜிபி ரேமை இரண்டு ஓஎஸ்ஸுக்குப் பங்கு போட்டால் இரண்டுமே திணறும்.

டூயல் பூட் யாருக்கென்றால், கெர்னல் மாட்யூல் எழுதுகிறவருக்கு, யூஎஸ்பி வழியே போர்டுகளையும் கேமராவையும் ரோபோவையும் நேரடியாகப் பிடித்து வேலை செய்கிறவருக்கு, அன்றாட வேலை முழுவதையும் லினக்ஸில் வைத்துக்கொண்டு டாலிக்கும் வரி தொடர்பான மென்பொருளுக்கும் மட்டும் விண்டோஸ் பக்கம் வருகிறவருக்கு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபின் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததாலோ, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப் என்பதாலோ விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற லேப்டாப்காரர்கள் அவர்கள். இணையத்துக்கு லினக்ஸ், பழைய மென்பொருளுக்கு நெட் இணைக்காத விண்டோஸ் 10 என்று பிரித்துக்கொள்வது அவர்களுக்குக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

தமிழ்நாட்டில் சாதாரணக் குடும்பங்களுக்கு டூயல் பூட் அறிமுகமானது கடையில் வாங்கிய லேப்டாப்பில் அல்ல, அரசு கொடுத்த லேப்டாப்பில். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுக்கு லினக்ஸ் புதிதல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சி. உமாசங்கர் அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது. இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது பாஸ் லினக்ஸ். டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டுவரும் ஓஎஸ் அது. தொடக்கத்தில் வந்த லேப்டாப்களில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று. அதற்குள் இரண்டு ஓஎஸ். திட்டம் ஓய்வதற்குள் கொடுக்கப்பட்ட லேப்டாப்கள் 50 லட்சத்தைத் தாண்டின. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கென்று அறிவித்த திட்டத்தின் லேப்டாப்பிலும் விண்டோஸ் 11-உடன் பாஸ் கூடவே வருகிறது. டிஸ்க் மட்டும் 256 ஜிபி எஸ்எஸ்டி ஆகியிருக்கிறது. அப்போதும் ஒன்று, இப்போதும் ஒன்று.

அந்த ஒற்றை டிஸ்க் ஏற்பாடு பலருக்கு எப்படி முடிந்தது என்பதைச் சற்றுப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். படம், பாட்டு, கேம் என்று சி டிரைவ் நிறைகிறது. பையன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கிறான். பெயரோ எழுத்தோ இல்லாமல் ஒரு பார்ட்டிஷன் நிற்கிறது. ஒன்றுக்கும் ஆகாத இடம் என்று நினைத்து அழிக்கிறான். விண்டோஸ் மறுப்பேதும் சொல்வதில்லை. மறுநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரை, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி, அதன்பின் துடிக்கும் கர்சர். நடந்தது இதுதான். பழைய எம்பிஆர் முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் துவக்க நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். லினக்ஸோடு வரும் துவக்க நிரலான கிரப் தன் தலையை மட்டும் அங்கே வைத்துவிட்டு, உடம்பை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்திருந்தது. பார்ட்டிஷன் போனதும் உடம்பு போயிற்று. மிச்சமிருந்த தலைக்கு விண்டோஸைக் கூப்பிடத் தெரியாது. விண்டோஸின் ஒரு ஃபைலுக்கும் சேதமில்லை, ஆனாலும் போய்ச் சேர வழியில்லை. சர்வீஸ் கடையில், ‘ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டுடலாம் தம்பி’ என்பார்கள். புதிதாகப் போடும்போது லினக்ஸ் திரும்பி வராது. விண்டோஸும் பெரும்பாலும் நேர்வழியில் வந்ததாக இருக்காது.

பாஸ் லினக்ஸ் நன்றாக இல்லாததால் பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கையில் கொடுத்த காலத்தில் அது என்ன, எங்கே உட்கார்ந்திருக்கிறது, அழித்தால் என்ன ஆகும் என்று பாடத்தில் சொல்லவில்லை. 2018இல் வந்த பதினோராம் வகுப்புப் புதிய கணினி அறிவியல் புத்தகத்தில்தான் விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டுவுக்கும் இடம் கிடைத்தது. மீதிப் பாதிக்கு ஒற்றை டிஸ்க்கைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். இரண்டு ஓஎஸ் ஒரே டிஸ்கில் இருக்கும்வரை ஒன்றில் கை வைப்பது மற்றதிலும் கை வைப்பதுதான்.

இருக்கிற டிஸ்கையே சுருக்கி இடம் பண்ணும்போது கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. பார்ட்டிஷனைச் சுருக்குவது என்றால் நடுவில் கிடக்கும் தரவுகளை அள்ளி வேறிடத்தில் வைப்பது. பாதியில் மின்சாரம் நின்றால் எது எங்கே இருந்தது என்று டிஸ்குக்கே தெரியாது. லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். ஐந்தாறு வருடம் ஓடிய லேப்டாப்பில் பேட்டரி பேருக்குத்தான் இருக்கும், சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் 2 வரை மின்தடை என்று பேப்பரில் வரும் ஏரியாப் பட்டியலைப் பார்த்துவிட்டு இந்த வேலையில் இறங்குவது நல்லது. இரண்டாவது டிஸ்க் இருந்தால் சுருக்கும் வேலையே இல்லை.

இரண்டாவது டிஸ்கை எங்கே மாட்டுவது? டிவிடி டிரைவ் இருக்கும் பழைய லேப்டாப்பில் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தில் 2.5 அங்குல டிஸ்கைப் பொருத்தலாம். கேடியில் 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு தடிமன் உண்டு. அளக்காமல் ரிச்சி தெருவுக்குக் கிளம்பினால் இரண்டு நடை ஆகும். சில லேப்டாப்கள் டிவிடி இடத்திலிருந்து பூட் ஆகவே மறுக்கும். அதனால் ஓஎஸ் இருக்கும் எஸ்எஸ்டியை உள்ளேயும், பழைய ஹார்ட் டிஸ்கைக் கேடியிலும் வைப்பதுதான் வழக்கம். இரண்டு ஓஎஸ்ஸுக்கு இந்த வழி அரைகுறைதான்.

சமீபத்திய லேப்டாப்பில் பின்மூடியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அல்லது கறுப்புப் பட்டை, ஒரு முனை ஸ்லாட்டில், மறுமுனை ஒற்றைத் திருகில் நிற்கும். அதுதான் எம்.2 எஸ்எஸ்டி. பக்கத்தில் இன்னொரு காலி ஸ்லாட் இருந்தால் யோகம். ஆனால் ஸ்லாட்டைக் கண்ணால் பார்த்தது போதாது. எம்.2 என்பது உருவத்தின் பெயர். உள்ளே ஓடுவது சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இயாகவும் இருக்கலாம். இரண்டாம் ஸ்லாட் சில மாடல்களில் 42 மி.மீ. நீளக் குட்டைப் பட்டையை மட்டும் ஏற்கும். சிலவற்றில் அது வைஃபைக்கோ மோடத்துக்கோ ஒதுக்கியது, டிஸ்க் மாட்டினால் கண்டுகொள்ளாது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை வைத்து அதற்குரிய பராமரிப்புக் கையேட்டைப் பார்த்தபின் வாங்குவதுதான் பணத்துக்குப் பாதுகாப்பு. ஒரே தொடரில் பெயர் ஒன்றாக இருந்தும் எண் மாறினால் ஸ்லாட் மாறும். இன்னொரு சின்ன யோசனை: முதல் டிஸ்கும் இரண்டாவதும் ஒரே அளவாக இருக்க வேண்டாம். ஏன் என்று சற்றுப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது வழி, வெளியில் தொங்கும் யூஎஸ்பி எஸ்எஸ்டி. லினக்ஸ் அதிலிருந்து குறையில்லாமல் ஓடும். பஸ்ஸில் மடியில் வைத்து வேலை செய்தால் கேபிள் ஒரு இழுப்பில் கழன்று ஓஎஸ் அப்படியே உறையும், அவ்வளவுதான் கஷ்டம். விண்டோஸை வெளி டிஸ்கில் வைக்கும் ‘விண்டோஸ் டு கோ’ வசதியை மைக்ரோசாஃப்ட் 2020இல் நீக்கிவிட்டது. ஆக வெளி டிஸ்க் லினக்ஸுக்குத்தான். ஒற்றை ஸ்லாட் லேப்டாப்காரருக்கும், வாரன்டி முடியாமல் மூடியைத் திறக்கத் தயங்குகிறவருக்கும் இது கௌரவமான ஏற்பாடு.

டிஸ்க் மாட்டியாயிற்று. பெரும்பாலானவர்கள் இங்கேயே வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். சொல்ல வேண்டியதே இங்குதான் தொடங்குகிறது.

இன்றைய லேப்டாப்கள் எம்பிஆர் முறையில் எழுவதில்லை. யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர், டிஸ்கில் இஎஸ்பி என்ற சின்னப் பார்ட்டிஷனைத் தேடுகிறது. விண்டோஸ் தன்னைப் போட்டுக்கொள்ளும்போது வழக்கமாக 100 எம்பி அளவில் இதை அமைக்கும். விண்டோஸின் பூட் மேனேஜரும் லினக்ஸின் கிரப்பும் இந்தப் பார்ட்டிஷனுக்குள் தனித்தனி ஃபோல்டரில் உட்காரும். அம்பத்தூரில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விடுவார்களே, அதுபோல உள்ளே சமையலறை, குளியலறை தனித்தனி என்றாலும் தெருக் கேட் ஒன்றுதான். இரண்டு டிஸ்க் வாங்கியும் இஎஸ்பி முதல் டிஸ்கில் மட்டும் இருந்தால் அதே கதை. லினக்ஸின் மொத்த உடம்பும் இரண்டாவது டிஸ்கில், அதை எழுப்பும் ஃபைல் விண்டோஸ் டிஸ்கில். விண்டோஸை ஃபார்மட் அடித்தால் லினக்ஸ் எழாது. அந்த டிஸ்க் செத்தாலும் எழாது. செலவு இரண்டு டிஸ்குக்கு, பாதுகாப்பு ஒன்றுக்கு.

இது கவனக்குறைவால் மட்டும் நேர்வதல்ல. உபுண்டுவின் பழைய நிறுவியான யுபிக்விட்டியில் பூட் லோடரை எந்த டிஸ்கில் வைக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு பெட்டி உண்டு. அதில் இரண்டாவது டிஸ்கைத் தேர்ந்தெடுத்தாலும் அது முதல் இஎஸ்பியிலேயே கொண்டுபோய் வைக்கும். 2014இலேயே பதிவான குறை இது, ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடந்தது. கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி நடக்கும் நிறுவியைவிடக் கேட்காத நிறுவியே மேல். விண்டோஸின் நிறுவியும் யோக்கியம் இல்லை. வேறொரு டிஸ்கில் ஏற்கெனவே இஎஸ்பி இருந்தால் தன் பூட் மேனேஜரை அங்கே வைத்துவிடும் பழக்கம் அதற்கும் உண்டு.

இதற்கு நிச்சயமான வழி ஒன்றுதான். லினக்ஸ் போடும்போது விண்டோஸ் டிஸ்கை மெஷினின் கண்ணில் படாமல் வைப்பது. ஒற்றைத் திருகைக் கழற்றி டிஸ்கை வெளியே எடுத்துவிட்டால் நிறுவிக்கு வேறு போக்கிடம் கிடையாது. சில லேப்டாப்களின் பயோஸில் ஸ்லாட்டை அணைத்துவைக்கும் வசதி இருக்கிறது, அதுவும் போதும். இரண்டும் முடியாதவர்கள் தானாகப் பிரிக்கும் வழியை விட்டுவிட்டுக் கையால் பிரிக்கும் வழியில் போய், இரண்டாவது டிஸ்கில் 500 எம்பிக்குக் குறையாமல் ஒரு இஎஸ்பியை உண்டாக்க வேண்டும். நிறுவி முடியும்வரை விண்டோஸ் டிஸ்கின் இஎஸ்பிக்கு உள்ள பூட் அடையாளத்தை ஜிபார்ட்டட் என்ற கருவியில் எடுத்துவைத்து, பிறகு திருப்பிப் போட வேண்டும். பழகாத கைக்கு இது சிக்கல். திருப்புளியே எளிது.

டிஸ்குகளை ஏன் வெவ்வேறு அளவில் வாங்கச் சொன்னேன் என்றால், லினக்ஸில் என்விஎம்இ டிஸ்குகளுக்குப் பூஜ்யம், ஒன்று என்று எண் விழும். அந்த எண் ஒவ்வொரு பூட்டிலும் அதே டிஸ்குக்கு விழும் என்பது உறுதியில்லை. நேற்று பூஜ்யம் விண்டோஸ் என்று நினைவில் வைத்துக்கொண்டு இன்று ஒன்றை அழித்தால் அழிவது விண்டோஸாக இருக்கலாம். 512 ஜிபி ஒன்று, 1 டிபி ஒன்று என்று இருந்தால் நிறுவியின் பட்டியலில் கண் தவறாது.

போட்டு முடித்தபின் ஒரு சோதனை. விண்டோஸ் டிஸ்க் வெளியே இருக்கும்போது லினக்ஸ் தனியாக எழ வேண்டும். லினக்ஸ் டிஸ்க் வெளியே இருக்கும்போது விண்டோஸ் தனியாக எழ வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் இரண்டு டிஸ்க் என்று சொல்லிக்கொள்ள உரிமை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எந்த டிஸ்கில் எந்த ஃபைலை எழுப்புவது என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவில் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றினால் சில லேப்டாப்கள் அந்தப் பதிவையே அழித்துவிடும், திரும்ப மாட்டினாலும் பழைய பெயர் வராது. பட்டியலில் பெயர் இல்லாத டிஸ்கிலும் ஃபர்ம்வேர் தேடிப்பார்க்கும் பொதுவான ஓர் இடம் உண்டு. இஎஸ்பிக்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரில் பூட் என்ற ஃபோல்டர். கிரப்பின் ஒரு பிரதி அங்கேயும் இருந்தால் பயமில்லை. டெபியன் நிறுவி இதை வைக்கட்டுமா என்று கேட்பதுண்டு. ஆம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்றாடம் எப்படித் தேர்ந்தெடுப்பது? கிரப் மெனுவில் விண்டோஸ் பெயரும் வரவேண்டும் என்று பலர் மெனக்கெடுகிறார்கள். கிரப் 2.06 வந்த 2021 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடிச் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர் பல சமயம் தானாக வருவதும் இல்லை. வராமல் இருப்பதே நல்லது என்பேன். அதிகம் பயன்படுத்தும் ஓஎஸ் முதலில் எழட்டும். மற்றது வேண்டுமென்றால் ஆன் செய்ததும் லெனோவா, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப். ஏசர் லேப்டாப்பில் எஃப்12 மெனுவைப் பயோஸில் ஒருமுறை இயக்கிவைக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வரிசையில் தன்னை முதலில் கொண்டுவந்து வைத்துக்கொண்டாலும் மாறுவது வரிசை மட்டும். லினக்ஸ் டிஸ்கில் ஒரு பைட்டும் நகராது.

எஃப்12 வழியைச் சொல்வதற்கு இன்னொரு வலுவான காரணம் பிட்லாக்கர். 2024இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்டால் ஹோம் பதிப்பிலும் டிஸ்க் பூட்டுப்போட்டே வரும். அதன் சாவி டிபிஎம் சிப்பில். மெஷின் எந்த வழியாக எழுந்தது, யார் கையெழுத்திட்ட நிரல் முதலில் ஓடியது என்பதையெல்லாம் அளந்துவைத்து, அளவு மாறாமல் இருந்தால்தான் சிப் சாவியைத் தரும். கிரப் வழியாக விண்டோஸுக்குள் போனால் அளவு மாறும். கையெழுத்துச் சரிபார்ப்பான செக்யூர் பூட்டை அணைத்தாலும் மாறும். அப்போது நீலத்திரையில் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் உண்டாக்கிக்கொடுத்த ஏதோ மெயில் முகவரியில் இருந்தால், பாஸ்வேர்டும் யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால், டிஸ்கில் உள்ளது எல்லாம் அங்கேயே இருக்கும், உங்களுக்கு மட்டும் கிடைக்காது. திருகைத் தொடுவதற்கு முன்பே அந்த 48 இலக்கத்தை ஒரு காகிதத்தில் எழுதிவைப்பதுதான் முதல் வேலை.

ஆக, டிஸ்கைப் பிரித்தாலும் பிரிக்க முடியாதவை சில உண்டு. மதர்போர்டு ஒன்று, டிபிஎம் ஒன்று, பேட்டரி வைத்த கடிகாரம் ஒன்று. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் இதை உலகத்துக்கே காட்டியது. ஓட்டை உள்ள பழைய லினக்ஸ் துவக்க நிரல்களைத் தடை செய்ய எஸ்பாட் என்ற பட்டியலை மைக்ரோசாஃப்ட் புதுப்பித்தது. டூயல் பூட் மெஷின்களுக்கு அது போகாது என்றும் சொன்னது. போனது. லினக்ஸை எழுப்பினால் பாதுகாப்பு விதிமீறல் என்று ஒரு வரி, பிறகு மெஷின் அணைந்துவிடும். பட்டியல் எழுதப்பட்ட இடம் மதர்போர்டின் நினைவு என்பதால் தனி டிஸ்கில் லினக்ஸ் வைத்திருந்தவர்களும் சேர்ந்தே மாட்டினார்கள். செப்டம்பரில் அந்தப் பட்டியலை அனுப்புவது நின்றது. முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. செக்யூர் பூட்டின் அடிப்படையாக இருக்கும் 2011ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களுக்கு 2026 ஜூனிலிருந்து காலாவதித் தேதி வருகிறது. 2023ஆம் ஆண்டு சான்றிதழ்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. ஏற்கெனவே கையெழுத்தான நிரல்கள் உடனே நின்றுவிடாது. ஆனால் லேப்டாப் நிறுவனம் தரும் பயோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த ஒருமுறையாவது போட்டுவிட வேண்டும். டிஸ்க் பிரிப்பு இதில் உதவாது.

கடிகாரச் சிக்கல் ஆபத்தில்லாதது, ஆனால் எரிச்சல். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். பில் போடும் மென்பொருளில் அது தேதியையே மாற்றிவிடும். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்திலேயே வைக்கச் சொல்லும் ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது, டைம்டேட்சிடிஎல் வழியாக. கோடைகால நேரமாற்றம் இல்லாத நம் நாட்டில் அப்படி வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் லினக்ஸ் நிறுவி டிஸ்கையே காட்டாது. விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற ஏற்பாட்டின் பின்னால் டிஸ்க் மறைந்திருக்கும். அதை ஏஎச்சிஐக்கு மாற்றச் சொல்வார்கள். விண்டோஸை முதலில் சேஃப் மோடில் எழும்படி தயார்செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் எழாது. மாற்றுவதற்கு முன் புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் பென்டிரைவில் போட்டுப் பாருங்கள், பல சமயம் அதுவே டிஸ்கைக் கண்டுபிடித்துவிடும்.

இரண்டு பக்கமும் வேண்டிய ஃபைல்களை எங்கே வைப்பது என்பதில் அனுபவஸ்தர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்கவும் எழுதவும் செய்யும். 2021இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. தடையாக இருப்பது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் என்று அழுத்தினாலும் அது முழுதாக அணைவதில்லை, கெர்னலை டிஸ்கில் உறங்கவைத்துவிட்டுப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனில் எழுதினால் விண்டோஸ் விழித்ததும் தன் பழைய நினைவை வைத்துக் குழப்பும். அதனால்தான் லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதித்துவிட்டு நிற்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டுப் பொதுவாக ஒரு டேட்டா பார்ட்டிஷன் வைத்துக்கொள்வது நடைமுறை. என் கட்சி இன்னும் கறார். சி டிரைவை லினக்ஸ் தொடவே வேண்டாம், லினக்ஸ் டிஸ்கை விண்டோஸ் தொடவே வேண்டாம். விண்டோஸில் லினக்ஸ் டிஸ்கைப் பார்த்ததும் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்கும் பெட்டி வந்தால் கேன்சல்.

இத்தனை ஜாக்கிரதையும் எதற்கென்று லேப்டாப்பை விற்கும்போதோ தம்பிக்குக் கொடுக்கும்போதோ தெரியும். ஒற்றை டிஸ்க் என்றால் லினக்ஸை எடுப்பது ஒரு நாள் வேலை. முதலில் விண்டோஸின் பூட் மேனேஜரை வரிசையில் மேலே கொண்டுவந்து, பிறகு பார்ட்டிஷனை அழித்து, இஎஸ்பிக்குள் மிஞ்சும் கிரப் ஃபோல்டரைத் தேடி நீக்கி, கடைசியில் சி டிரைவை நீட்ட வேண்டும். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் குறுக்கே நின்றால் நீட்டவும் முடியாது. தனி டிஸ்க், தனி இஎஸ்பி என்றால் மூடியைத் திறந்து ஒரு திருகைக் கழற்றி, பயோஸ் பட்டியலில் மிஞ்சிய பெயரை நீக்கினால் போதும். கழற்றிய டிஸ்கை ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு, பொது இடத்தில் கிரப் பிரதி வைத்திருந்தால், அடுத்து வாங்கும் லேப்டாப்பில் சொருகியதும் பழைய டெஸ்க்டாப், பழைய ஃபைல்கள், தமிழ்99 விசைப்பலகை உட்பட அப்படியே எழும். விற்கும் மெஷினோடு டிஸ்கையும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் மட்டும், ஃபார்மட் அடித்தால் போதும் என்று இருந்துவிடாமல் முழுதாக அழிக்கும் கட்டளையை டிஸ்குக்கே கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.